அத்தை ஊரில் தனியாக இருக்கிறார், மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கு வர என்ன செய்யணும்?

ஷிப்ட்_குமார்:
தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் என் அத்தை இருக்கிறார், 72 வயது, பிள்ளைகள் இல்லை, மாமாவும் தவறிவிட்டார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுகிறோம், மாத்திரை செலவைவிட ஆட்டோ செலவு அதிகம். அடுத்த தெருப் பாட்டிக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறதாம், "நம்மள யாரும் கேக்கலப்பா" என்கிறார் அத்தை. முதியோர் பென்ஷனுக்கு இ-சேவையில் போட்டதும் தள்ளுபடி, காரணம் கேட்டால் "மேல போய்க் கேளுங்க" என்பதோடு சரி. நான் ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன், நினைத்தபோது ஊருக்கு ஓட முடியாது. எங்கே ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:
தம்பி, நீங்கள் சொல்வது மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், 2021-லிருந்து நடக்கிறது. தனியாரிடமே பார்த்துக்கொண்டிருந்தால் அத்தையின் பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவில் இருக்காது, பதிவில் இல்லாதவருக்கு மாத்திரை எப்படி வரும்? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஆதார், பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை அங்கே கூட்டிப்போய் என்சிடி நர்ஸிடம் (சுகர், பிரஷர் மாதிரி தொற்றாத நோய்களைப் பார்ப்பவர்) பதிய வையுங்கள். கால் நிலைமையையும் அப்போதே சொல்லிவிடுங்கள், வட்டாரத்துக்கென்று இருக்கும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார். அப்புறம் உங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்ணாகத்தான் இருப்பார். பிறகு எல்லாமே அந்த நம்பர் வழியாகத்தான் நடக்கும்.

மருந்துக்கடை_மணி:
அக்கா சொன்னதோடு ஒன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியார் டாக்டர் சுகருக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையாக எழுதியிருப்பார், அரசு சப்ளையில் இரண்டும் தனித்தனி அட்டையாக வரும், நிறமும் அளவும் வேறு. பெரியவர்கள் இது புது மாத்திரை என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தனியாக இருப்பவர் மயங்கி விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? டாக்டரிடம் கேட்டு எதை நிறுத்துவது என்று முடிவு செய்ததும் பழைய அட்டைகளை வீட்டிலேயே வைக்காதீர்கள். பக்கவாதத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் எழுதியிருந்தால், அது மட்டும் எந்தப் பக்கமும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாலுகா_அலைந்தவன்:
பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஆயிரமாக இருந்ததை 2023-இல் 1,200 ரூபாயாக ஏற்றினார்கள். கிராம அலுவலகத்தில் நிற்காமல் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பாருங்கள், இ-சேவை விண்ணப்ப எண்ணைக் காட்டித் தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன காரணத்தை வைத்து எங்கேயும் மேல்முறையீடு செய்ய முடியாது. ரேஷன் கார்டில் சம்பாதிக்கிற யார் பேராவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் பேரே இருந்தாலும் ஆச்சரியமில்லை! அதற்கும் மசியவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள், அங்கே கொடுத்தால் மனு எண் கிடைக்கும். வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

ஷிப்ட்_குமார்:
எல்லாருக்கும் நன்றி. ரேஷன் கார்டில் அத்தை பேர் மட்டும்தான். கைரேகை சரியாக விழாமல் ரேஷன் கடையில் நிறைய நேரம் நிற்க வைக்கிறார்கள், பென்ஷன் வந்தாலும் இதே தொல்லைதானா?

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:
தனிக் கார்டு, 70 தாண்டியவர் என்றால் தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் வீட்டுக்கே வரணும், 2025 ஆகஸ்டில் ஆரம்பித்தார்கள், கடைக்காரரிடம் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள். கைரேகைக்கு ஆதார் மையத்தில் புதுப்பித்துப் பாருங்கள், வயல் வேலை பார்த்த கை என்றால் அதுவும் முழுசாக உதவாது, கருவிழிப் பதிவையும் சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், நீங்கள் ஒரகடத்திலிருந்தே பேசலாம்.