“யார் முறை?”: ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சேர்ந்து விளையாடப் பழகுவது, பகிர்ந்துகொண்ட அனுபவங்கள்

சிறப்பாசிரியர்:
முறை மாற்றி விளையாடப் பழக்கும்போது பலரும் எடுத்த எடுப்பிலேயே ஐந்து குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். தன் முறை வர நான்கு பேரைத் தாண்ட வேண்டும். அதுவரை எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்றே குழந்தைக்குப் புரியாது, எழுந்து ஓடிவிடும். நாமும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி வைத்துவிடுவோம். பாவம், குழந்தை மேல் ஒரு தப்பும் இல்லை.

முதலில் ஒரு பெரியவர், ஒரு குழந்தை போதும். பத்து மரக்கட்டைகள், உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு அட்டை. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கட்டை வைக்கலாம். வைத்ததும் அட்டை கை மாறும். பெரியவர் தன் முறையை இரண்டு விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். காத்திருந்தால் திரும்ப வரும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அதை ஐந்து, பத்து விநாடி என நீட்டலாம். பத்தாவது கட்டையோடு கோபுரத்தைத் தள்ளிவிட்டு ஆட்டத்தை முடியுங்கள். எப்போது முடியும் என்று கண்ணுக்குத் தெரியாத விளையாட்டில்தான் பதற்றம் அதிகம்.

‘என் முறை, உன் முறை’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தை, தன் முறையையே ‘உன் முறை’ என்று சொல்லும். அதனால் தொடக்கத்தில் குழந்தையின் பெயரைச் சொல்லி ‘முறை’ என்றும், அடுத்து ‘அக்கா முறை’ என்றும் சொல்வதே நல்லது. மூன்றாவது ஆளைச் சேர்ப்பது இதெல்லாம் பழகிய பிறகு.

பேச்சுப் பயிற்சியாளர்:
அட்டை நல்ல வழி. பேச்சால் தூண்டுவதைக் குறைக்கச் சொல்வதும் அதனால்தான். ‘ஹாய் சொல்லு’ என்றால் குழந்தையும் ‘ஹாய் சொல்லு’ என்றுதான் சொல்லும். இன்னொரு பெரியவர் பின்னால் உட்கார்ந்து, குழந்தைக்குச் சம்மதம் என்றால், முழங்கையை லேசாகத் தொட்டுக் கை அசைக்க உதவலாம். அடுத்த நாட்களில் தொடுவதை விட்டுச் சைகை, பிறகு அதுவும் வேண்டாம். உதவியைக் குறைக்க மறந்தால், தொட்டால் மட்டும் கை அசைக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இடையில் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்காதீர்கள். பாதி வரை புரிந்துகொண்டு வந்த குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘என் கண்ணைப் பார்’ என்று வற்புறுத்தவே கூடாது. பல குழந்தைகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேதான் நன்றாகக் கேட்கிறார்கள்.

ஒரு அம்மா:
கூட விளையாடும் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். முன்னால் வந்து நில், பெயரைச் சொல்லிக் கூப்பிடு, பொம்மையைக் காட்டு, பொறுத்திரு. அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதைகளை, அதாவது ஒரு சூழலில் என்ன நடக்கும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லும் சின்னக் கதைகளை, வீட்டிலேயே எழுதலாம். என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்ற வாக்கியங்களே அதிகம் வர வேண்டும், ‘நான் இப்படிச் செய்ய முயல்வேன்’ என்பது ஒன்றிரண்டு போதும். ‘எப்போதும்’ என்பதற்குப் பதில் ‘பெரும்பாலும்’ என்று எழுதுங்கள். எழுதியபடி நடக்காத ஒரு நாள், கதை பொய்யாகிவிடும். அழுது அடம்பிடித்த பிறகு அதை எடுத்துப் படித்தால் திட்டுவது போல ஆகிவிடும். அமைதியாக இருக்கும் நேரத்தில், விளையாடப் போவதற்கு முன் படியுங்கள்.

சிவப்பு அட்டையோடு இன்னொரு அட்டையும் வேண்டும், ‘போதும்’ என்று காட்ட. குழந்தை அதை நீட்டியதும் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கெஞ்சாமல், உடனே எழுந்து போக விடுங்கள். ஒரு தடவை மறுத்தாலும் அட்டையை விட்டுவிட்டுக் கத்துவதற்குத் திரும்பிவிடும். போகலாம் என்று தெரிந்த குழந்தைதான் மறுநாளும் பாய்க்கு வந்து உட்காரும்.