‘டிராப்பிங்’ என்பதற்குப் ‘பொறி’ வேண்டாம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கோயில் அழைப்பிதழ், தீபாவளிச் சந்தைத் துண்டறிக்கை, சமூக மன்றத்தின் நான்மொழிச் சுவரொட்டி போன்றவற்றை வடிவமைக்கும் தொண்டூழியர்களுக்காக அச்சுக் கலைச்சொற்களின் கையேடு ஒன்று தயாராகிறது. தாளை வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதபடி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீட்டும் ப்ளீடுக்கு ‘வெட்டுமிகை’ என்று வைத்தாயிற்று. ஏ5 தாள் 148 × 210 மி.மீ. என்றால் நாற்புறமும் 3 மி.மீ. வெட்டுமிகை சேர்த்துக் கோப்பு 154 × 216 ஆகவேண்டும் என்பது எளிதாகவே புரிகிறது. சிக்கல் ஓவர்பிரிண்ட், நாக்அவுட், டிராப்பிங் மூன்றிலும்தான். டிராப்பிங்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பொறி’ வரும். எலிப்பொறி நினைவுக்கு வருமே தவிர, மை என்ன செய்கிறது என்பது தெரியாது.

மஞ்சள் பின்னணியில் சயான் எனும் நீல மையில் எழுத்து என்று கொள்வோம். மஞ்சளின்மேல் சயான் அப்படியே ஏறினால் எழுத்து பச்சையாகிவிடும். இந்த ஓவர்பிரிண்டை ‘மேலச்சு’ எனலாம். எழுத்தின் வடிவத்தில் அடியிலுள்ள மஞ்சளை எடுத்துவிட்டால் சயான் சயானாகவே நிற்கும், இந்த நாக்அவுட் ‘அடிநீக்கம்’. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத்தகடு இம்மியளவு நகர்ந்தாலும் இரண்டுக்கும் நடுவே தாளின் வெள்ளை தெரியும். அதைத் தடுக்க ஒரு நிறத்தின் ஓரத்தை மற்றதன்மேல் சற்றே ஏற்றுகிறோமே, அந்த டிராப்பிங்குக்கு ‘ஓரக்கவ்வல்’ சரியா?

* * *

வணக்கம் அக்கா.

முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ‘கவ்வல்’ மட்டும் வேண்டாம். ஆஃப்செட் எந்திரத்தில் தாளின் முன்விளிம்பைப் பிடித்து இழுக்கும் கிரிப்பருக்குக் ‘கவ்வி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அந்த விளிம்பில் 10 மி.மீ. அளவில் மை படாமல் விடுகிறோம்; அது கவ்வியோரம். ஓரக்கவ்வலும் கவ்வியோரமும் ஒரே கையேட்டில் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

‘ஓரக்கவிவு’ என்று வைக்கலாம். குடை கவித்தல், முடி கவித்தல் எல்லாம் நம்மிடம் உள்ளவைதாம். வினையாகவும் வளையும்: ‘மஞ்சளின் ஓரத்தைக் கவித்துவிடு.’

விளக்கத்தில் இரண்டு செய்திகளை விடாதீர்கள். ஒன்று, கவிவது பெரும்பாலும் வெளிறிய நிறம். அடர்நிறம்தான் கண்ணுக்கு வடிவத்தைக் காட்டுகிறது. அதை நீட்டினால் எழுத்து தடித்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இயல்பாக அமைந்திருக்கும் அகலம் 0.25 பாயிண்ட், ஏறத்தாழ 0.09 மி.மீ. மற்றொன்று, இந்த வேலையைப் பெரும்பாலும் கோப்பைத் தகட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் அச்சகத்தின் ரிப் மென்பொருளே செய்துகொள்ளும். வடிவமைப்பாளரும் கையால் கோடு சேர்த்து அனுப்பினால் கவிவு இரட்டிப்பாகி, எழுத்தைச் சுற்றி அழுக்குக்கோடு தெரியும். அச்சகம் கேட்டாலொழியக் கோப்பில் கைவைக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

* * *

ஓரக்கவிவுக்கு என் ஆதரவு. மேலச்சுக்கு ஒரு வரி விளக்கம் போதாது. கெட்டுப்போகும் கோப்புகளில் பாதி அங்கேதான் கெடுகின்றன.

கறுப்பு எழுத்துக்கு மேலச்சு வேண்டும். 100 விழுக்காடு கறுப்பு மை எந்த நிறத்தின்மேலும் கறுப்பாகவே நிற்கும், வெள்ளை ஓரம் எட்டிப்பார்க்காது. தமிழுக்கு இது இரட்டிப்பு முக்கியம். 8 பாயிண்ட்டில் ‘ண’, ‘ஞ’ சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் அவ்வளவு சிறியவை. இன்டிசைனின் இயல்புக் கறுப்பு தானாகவே மேலச்சாகும். படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் நாம்தான் குறிக்கவேண்டும். வேர்டிலிருந்து வரும் கறுப்போ ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறை. அச்சு மைகளுக்கு மாற்றும்போது அது நான்கு மையாகப் பிரிந்து, தகடு நகர்ந்தால் சுழிகளுக்குள் வண்ணம் கசியும்.

வெள்ளைக்கு மேலச்சு கூடவே கூடாது. வெள்ளை என்பது மையே இல்லாத இடம். இல்லாத மையை மேலே ஏற்றினால் ஒன்றும் அச்சாகாது. கறுப்புச் சின்னத்துக்கு மேலச்சுக் குறியிட்டுவிட்டு, பிறகு நிறத்தை மட்டும் வெள்ளையாக்கினால், திரையில் பளிச்சென்று தெரிந்த சின்னம் தாளில் மறைந்துபோகும். பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவியூவில் ஓவர்பிரிண்ட் பாவனையை இயக்கிப் பார்த்தால் அனுப்பும் முன்னரே பிடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் இந்தச் சோதனையை நாமே செய்தாக வேண்டும். சன்ஷைன் பிளாசா கடையானாலும் உபி தொழிற்பேட்டை அச்சகமானாலும் கோப்பைத் திறப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ‘கொ’வின் கொம்பு இடம் மாறினாலும் புள்ளி காணாமல் போனாலும் அவர் கண்ணில் படாது. பிழைதிருத்தம் முடிந்தபின் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றி, அச்சுக்கான பிடிஎஃப் வகையான எக்ஸ்-4 ஆகச் சேமித்து, மேலச்சை மறுபடி பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

* * *

மேலச்சு, அடிநீக்கம், ஓரக்கவிவு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை பற்றிய எச்சரிக்கை சொல் விளக்கத்தின் உள்ளேயே போகும்.

ஒன்று பாக்கி: ரிச் பிளாக். பெரிய கறுப்புப் பரப்பைத் தனிக் கறுப்பு மையால் அச்சிட்டால் சாம்பல் பூத்தாற்போல் வெளிறும். மேலச்சாகவும் இருந்துவிட்டால் அடியிலுள்ள படம் நிழலாகத் தெரியும். அதனால் அங்கே அடிநீக்கமும் சயான் 60, மெஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போன்ற கலவையும் வேண்டும். இதற்குச் ‘செறிகறுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். சிறு எழுத்துக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்ற குறிப்போடு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.