புகார் "முடிக்கப்பட்டது"ன்னு காட்டுது, ஸ்கூல் டிசி (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் இன்னும் வரல. அடுத்து என்ன பண்றது?

ஏழாங்கிளாஸ் அப்பா:
பையன தனியார் ஸ்கூல்ல இருந்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தறேன், பழைய ஸ்கூல் பீஸ் பாக்கின்னு டிசி தர மாட்டேங்குது, அந்த பாக்கிக் கணக்கே தப்புங்கறது தனிக் கதை. நாலு மாசம் முன்னாடி ஆன்லைன்ல புகார் போட்டேன், அது ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போயி, கடைசில "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டாங்க. நேர்ல போனா சார் மீட்டிங், சார் கேம்ப், சார் லீவு. புது ஸ்கூல் எச்எம் டிசி இல்லாம சேக்க யோசிக்கறார். திரும்பப் புகார் போடவா?

ரெண்டு பிள்ளை அம்மா:
போடாதீங்க சார். நான் மூணு தடவ போட்டேன், மூணு நம்பர் கெடச்சுது, அவ்ளோதான் 😑

பழைய கிளார்க்:
தம்பி, ஆபீஸ்ல "முடிஞ்சுது"ன்னா மேசைய விட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம், உங்க பிரச்சன தீந்துச்சுன்னு இல்ல. 25 வருஷம் அந்த மேசைல இருந்தவன் சொல்றேன்.

முதல்ல பையன சேத்துடுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவுல, டிசி லேட்டாகுதுன்னு அட்மிஷன மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாதுன்னு தெளிவா இருக்கு, லேட் பண்ற தலைமையாசிரியர் மேல ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. அந்தப் பக்கத்த பிரின்ட் எடுத்து எச்எம்கிட்ட குடுங்க, அவரும் பயந்துதான் யோசிக்கறார்.

அப்புறம் புதுசா ஒரு மனு, பேப்பர்ல, "பிரிவு 32ன் கீழ்"னு தலைப்புலயே எழுதி. அந்தப் பிரிவுப்படி 3 மாசத்துக்குள்ள உங்களையும் கேட்டு முடிவு சொல்லணும். தபால் செக்ஷன்ல நகல்ல சீல், தேதி வாங்காம வெளிய வராதீங்க, நாள் கணக்கே அதுல இருந்துதான். முடிவு திருப்தியில்லன்னா அப்பீல் மாநில குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு.

சும்மா படிக்கறவன்:
கூடவே பழைய புகார் நம்பரப் போட்டு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) தட்டுங்க ப்ரோ. "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேக்காதீங்க, அது தகவலே இல்லன்னு தட்டிக் கழிச்சுடுவாங்க. "எந்தத் தேதில யார்கிட்ட போச்சு, கோப்புக் குறிப்பு நகல் குடுங்க"ன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

ரெண்டு பிள்ளை அம்மா:
இது ஒம்பதாவதுக்கும் செல்லுமா?

பழைய கிளார்க்:
இல்லம்மா, அந்தச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்கும், எட்டாவது முடிய. ஆர்டிஐக்கு அந்தக் கணக்கு கெடையாது, தாராளமா போடலாம்.

ஏழாங்கிளாஸ் அப்பா:
அப்டேட். எச்எம் பேப்பரப் படிச்சுட்டு சேத்துக்கிட்டார், பையன் திங்கள்ல இருந்து போறான். சீல் போட்ட நகலும் வாங்கிட்டேன், அதுக்கு மட்டும் ஒன்ற மணி நேரம் நின்னேன். நேத்து பழைய ஸ்கூல்ல இருந்து தானா போன், டிசி தர்றோம், ஆனா "கட்டணம் பாக்கி"ன்னு அதுல எழுதுவோம்ங்கறாங்க. வாங்கிக்கலாமா?

பழைய கிளார்க்:
வாங்காதீங்க தம்பி. டிசில பீஸ் பாக்கின்னு எழுதக் கூடாதுன்னு 2024ல சென்னை ஐகோர்ட்டே சொல்லியிருக்கு. எழுதித்தான் தருவோம்னு சொல்றத ஒரு லெட்டராக் கேளுங்க, தந்தா அத மனுவோட சேத்துருங்க.