பயர்பாக்ஸ் தானாக அப்டேட் ஆவதை நிறுத்த வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் தோப்பு வீட்டுக்குக் கேபிள் வரவில்லை. கம்ப்யூட்டருக்கும் போன் ஹாட்ஸ்பாட்தான். தேங்காய்க் கணக்கு எழுத உட்கார்ந்தால் பயர்பாக்ஸ் பின்னால் எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு டேட்டா மிஞ்சுவதில்லை. விண்டோஸ் 10. அப்டேட்டே வேண்டாம் என்றில்லை, நான் சொல்லும்போது வந்தால் போதும்.

நகரித் தறி:
செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தைக் கீழே தள்ளினால் பயர்பாக்ஸ் அப்டேட்ஸ் வரும். அங்கே இரண்டு தேர்வு. அப்டேட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, நிறுவுவதை உங்களிடம் விடும் இரண்டாவதை எடுங்கள்.

புளியரை:
அண்ணா, ஈஎஸ்ஆர் என்ற பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும் பாருங்கள். புது வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வழக்கம்போல் வரும். பாலிசி கோப்பு, அதாவது பிரவுசருக்குக் கட்டுப்பாடு விதிக்கும் கோப்பு எழுதி அப்டேட்டை அடியோடு அடைக்கச் சிலர் சொல்வார்கள். பேங்க் வேலை பார்க்கும் பிரவுசருக்கு அது ஆகாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி, இரண்டாவதை வைத்துவிட்டேன். குரோமில்?

நகரித் தறி:
அதன் செட்டிங்ஸில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. விண்டோஸ் வைஃபை பக்கத்தில் உங்கள் ஹாட்ஸ்பாட்டை, டேட்டாவுக்கு வரம்புள்ள இணைப்பு எனப் பொருள்படும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள். விண்டோஸின் சொந்த அப்டேட் பெரும்பாலும் அடங்கும். உண்மையில் டேட்டாவை அதிகம் தின்பது அதுதான்.