விலங்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது உணவா, வேட்டையாடிகளா?

நாரை:
ஒரு வாழிடத்தில் எத்தனை விலங்குகள் பிழைத்திருக்கும் என்பதை அங்கே கிடைக்கும் உணவே முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலிலுள்ள செயின்ட் மேத்யூ தீவில் 1944-இல் 29 ரெயின்டீர் மான்கள் விடப்பட்டன. அதுவரை மேயப்படாமல் தடித்து வளர்ந்திருந்த லைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் இணைந்து வளரும் உயிர்களை) தின்று, அவை 1963-க்குள் ஏறத்தாழ 6,000 ஆகப் பெருகின. 1966-இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 42; அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று. ஓநாய் இல்லாத தீவில் இத்தனை மான்கள் மடிந்ததற்குப் பஞ்சத்தைத் தவிர வேறெதைச் சொல்வீர்கள்?

தும்பி:
1963–64 குளிர்காலத்தின் கடும் பனியையும் சேர்த்துச் சொல்வேன். அதை விட்டுவிட்டாலும், வேட்டையாடிகளே இல்லாத தீவை முன்னிறுத்தி எல்லா நிலத்துக்கும் விதி எழுத முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்டுகள் என்னும் மேய்ச்சல் விலங்குகள், 1977-க்குள் 13 லட்சத்தைத் தாண்டின. சுற்றுவட்டாரக் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதால், அவற்றிலிருந்து தொற்றி வில்டபீஸ்ட் கன்றுகளை மாய்த்துக்கொண்டிருந்த வெக்கை நோய் ஒழிந்ததே அந்தப் பெருக்கத்தின் முதற்காரணம். அதுவரை உண்ண ஆளில்லாத புல் நிறையவே இருந்தது என்றுதானே பொருள்?

நாரை:
பெருக்கம் 1977-க்குப் பின் ஏன் நின்றது என்பதையும் சொல்லியிருக்கலாம். சிங்கங்களோ நோயோ அதைத் தடுக்கவில்லை. வறண்ட மாதங்களில் ஒவ்வொரு விலங்குக்கும் கிடைத்த பசும்புல்லின் அளவு சுருங்கியதே தடுத்தது. ஆண்டு முழுவதற்குமான விளைச்சலைக் கூட்டிப் பார்ப்பதால் பயனில்லை; மிகவும் வறண்ட சில வாரங்களில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு.

கறையான்:
இருவரும் வளம் என்றாலே உணவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் நட்சத்திர மீன்களை இடைவிடாது அகற்றிவந்தபோது, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கான போட்டியில் மட்டிச் சிப்பிகளே வென்றன. நட்சத்திர மீன்கள் அவற்றைத் தின்று பாறையில் இடம் ஒழித்துத் தந்த வரையில், அந்தப் போட்டி முற்றவே வாய்ப்பில்லாமல் இருந்தது. ஆகவே போட்டியின் கடுமையை வளத்தின் அளவை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

தும்பி:
நான் சொல்லவந்ததும் இதுவே.

கறையான்:
முழுவதும் இதுவன்று. கனடாவின் யூக்கான் பகுதியில் சூழலியலாளர் சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் முயல்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட சோதனை உங்கள் இருவருக்குமே இடைஞ்சலானது. உணவு மட்டும் கூட்டப்பட்ட நிலத்தில் முயல்களின் அடர்த்தி ஏறத்தாழ 3 மடங்காகியது. வேலியிட்டுப் பாலூட்டி வேட்டையாடிகளை மட்டும் விலக்கிய நிலத்தில் 2 மடங்காகியது. இரண்டையும் ஒன்றாகச் செய்த இடத்தில் அது 11 மடங்காக உயர்ந்தது. தனித்தனி விளைவுகளைக் கூட்டினாலும் பெருக்கினாலும் இந்த எண் வராது. பசித்த முயல் உணவு தேடி வெகுதூரம் அலைந்து பகையின் கண்ணில் படுகிறது என்பது ஒரு விளக்கம். நான் அதை ஏற்கிறேன். இரண்டு காரணிகளும் ஒன்றையொன்று கூர்மையாக்கும்போது, எது முதன்மை என்ற கேள்வியே தளர்ந்துவிடுகிறது.

நாரை:
முயல் சோதனையை ஏற்கிறேன். ஆனால் கேள்வி தளர்ந்துவிட்டது என்பதை ஏற்கவில்லை. உணவு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை நாம் இன்னும் தொடவில்லை. தமக்கென ஓர் எல்லையைப் பிடித்துக் காத்து வாழும் பறவைகளிடையே வலியவை தம் பங்கை முழுமையாகப் பெறுகின்றன. மற்றவை இனப்பெருக்கமின்றி ஒதுங்குவதால் எண்ணிக்கை பெரிதும் ஆடுவதில்லை. தீவின் மான்களோ ஒரே மேய்ச்சலை எல்லாமாகப் பகிர்ந்ததால், பற்றாக்குறையும் எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் தாக்கியது. அங்கே ஓநாய்கள் இருந்திருந்தால் வீழ்ச்சி மென்மையாகியிருக்கும் என்பதைத் தும்பிக்காக விட்டுக்கொடுக்கிறேன். ஆனால், மெதுவாக வளரும் லைக்கன் அந்த வரம்பை எங்கே வைத்திருந்ததோ, அதை எந்த ஓநாயும் உயர்த்தியிருக்காது.