மறு: ‘லாஃப்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

> படகு கட்டுமானக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ‘லாஃப்டிங்’ என்பதற்கு இப்போதைக்கு ‘மாடவரைவு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

படகை அதன் முழு அளவில் வரைந்து பார்க்கும் ‘லாஃப்டிங்’ வேலைக்கு ‘மாடவரைவு’ வேண்டாம் ஐயா. ஆங்கிலத்தில் ‘லாஃப்ட்’ என்றால் பரண், மேல்மாடி. கப்பல் கட்டும் இடங்களில் குறுக்கே எதுவும் வராத பெரிய தரை மேல்மாடியில்தான் வாய்த்தது. அங்கே வரைந்ததால் வேலைக்கும் மாடியின் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் ஆற்றங்கரைப் பட்டறைகளில் மாடியே கிடையாது. ஓலைக்கொட்டகைக்குக் கீழே வேலை நடக்கிற இடத்தில் ‘மாடம்’ என்ற சொல்லைக் கேட்கிற தச்சர் குழம்பிப்போவார்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். தாளில் 1:25 அளவில் படகின் கோடுகளை வரைகிறோம் என்று வையுங்கள். பென்சில் 1 மில்லிமீட்டர் விலகினால் கட்டும்போது அது 25 மில்லிமீட்டர். அந்தப் பிசகோடு விலாச்சட்டங்களை (கலத்தின் உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வளைந்த மரங்களை) அறுத்தால், பலகை ஒரு சட்டத்தில் படியும், அடுத்ததில் எழும்பி நிற்கும். அதனால்தான் அறுப்பதற்கு முன் படகை அதன் முழு அளவிலேயே தரையில் வரைகிறார்கள். பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, முன்னிருந்து ஒன்று என மூன்று தோற்றங்கள். ஒரு புள்ளியின் உயரமும் அகலமும் எந்தத் தோற்றத்தில் அளந்தாலும் ஒன்றாகவே வர வேண்டும். அப்புறம் நீளமான, வளைந்து கொடுக்கும் மரச்சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு இடையே வளைத்து வைத்து, கண்ணைத் தரையோடு தாழ்த்தி, கோடு தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். எங்காவது புடைத்தால் ஆணியைப் பிடுங்கிக் கொஞ்சம் நகர்த்துவார்கள். முழு அளவும் கோட்டின் ஒழுங்கும்தான் இந்த வேலையின் உயிர். எந்த மாடியில் வரைந்தார்கள் என்பது ஒரு பொருட்டே அல்ல. இன்று பல இடங்களில் இதைக் கணினியிலேயே முடித்துவிடுகிறார்கள், தரைகூட இல்லை. இந்த மடல் இழையில் வந்த ‘தரைவரைவு’ என்ற யோசனையை நான் ஏற்கத் தயங்குவது அதனால்தான்.

> மரபுப் பட்டறைகளில் இதற்கு ஒரு சொல் கட்டாயம் இருக்குமே? அதையே எடுத்தால் என்ன?

குழுவில் அம்மா ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியைப் பல நாள் யோசித்தேன். கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள பேப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம்பூர்த் தேக்கு அந்த ஆற்றில் மிதந்து வந்த காலம் உண்டு. வளைகுடா நாட்டவர்க்குப் பெரிய பெரிய உருக்களை, அதாவது மரக்கலங்களை, கட்டித் தந்த கரை அது. ஆனால் அங்கே வரைபடம் வைத்துக் கட்டும் வழக்கம் இருந்ததில்லை. மேஸ்திரியின் மனத்தில் இருப்பதுதான் படம். ஏராவை (கலத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு மரத்தை) கிடத்தி, பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றி வடிவத்தைக் கொண்டுவருவது மலபாரின் பழைய முறை. விலாச்சட்டங்கள் பிறகுதான் உள்ளே வந்து பொருந்தும். பலகை வளைந்த வளைவுக்கு ஏற்பச் சட்டத்தைச் செதுக்கும்போது, முழு அளவில் முன்கூட்டி வரைய வேண்டிய அவசியமே இல்லை. வேலை இல்லாததால் சொல்லும் இல்லை.

இப்போது அந்த அவசியம் வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, ஆற்றிலோ காயலிலோ ஓடும் இயந்திரக் கலத்தைக் கட்டும் முன்பே அதற்கு ஒப்புதல் பெற வேண்டும். அதற்குப் படம் வேண்டும். இயந்திரத்தின் தண்டு எந்தக் கோட்டில் போகும், பாரம் ஏற்றினால் எவ்வளவு அமிழும், சாய்ந்தால் நிமிருமா என்று கணக்கிடவும் படம் வேண்டும். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு மேஸ்திரி வேலையை விட்டுப் போனால் அவர் மனத்திலிருந்த உருக்களும் அவரோடு போய்விடுகின்றன. கரையில் நிற்கும் உருவைச் சாணுக்குச் சாண் அளந்து, அளவுகளை அட்டவணையாக்கி, முழு அளவில் வரைந்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது மிஞ்சும். மேற்கே படத்திலிருந்து கலம் பிறக்கிறது, இங்கே கலத்திலிருந்து படம் பிறக்க வேண்டியிருக்கிறது. நம் சொல் இரண்டு திசைக்கும் பொருந்த வேண்டும்.

கடற்படையின் ‘கௌண்டின்யா’ தையல் கப்பலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அஜந்தா ஓவியத்தில் உள்ள ஒரு கலத்தைப் பார்த்து, கேரளக் கைவினைஞர்கள் கோவாவில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். பழைய படம் எதுவும் இல்லாததால் வடிவத்தைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. மாதிரி செய்து சென்னை ஐஐடியில் நீரோட்டச் சோதனையும் நடத்தினார்கள். 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்தது. மேஸ்திரியின் கையும் பொறியாளரின் கோடும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, சொற்களுக்கு வருகிறேன். இழையில் வந்ததிலேயே ‘உருவரைவு’ எனக்கு மிகவும் பிடித்தது. உரு என்றால் வடிவம், பேப்பூரில் உரு என்றால் கலமே. இரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது அழகு. ஆனால் ‘உருவரை’ என்பது புறக்கோட்டைக் குறிக்க ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால் பொருள் குழம்பும். மனமில்லாமல்தான் விடுகிறேன். ‘கலக்கோலம்’ கேட்க இனிமையாக இருந்தாலும், கோலம் மறுநாள் காலையில் அழிகிறது. இந்தக் கோடுகளோ கலம் முடியும்வரை இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு ‘மெய்வரைவு’. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. உண்மையான அளவில் கலத்தின் உடலை வரைவது மெய்வரைவு. தரையிலும் வரையலாம், கணினியிலும் வரையலாம், கட்டும் முன்பும் வரையலாம், கட்டிய பின்பும் வரையலாம். வரையும் இடத்தை ‘மெய்வரைதளம்’ எனலாம். ‘இந்த உருவை மெய்வரைந்த பிறகுதான் சட்டம் அறுக்கணும்’ என்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. கோட்டின் ஒழுங்குக்குத் தச்சரின் இழைப்புளியிலிருந்தே ‘இழைவு’ என்று எடுக்கலாம். மேடுபள்ளத்தைப் போக்கி வழவழப்பாக்குவதைத்தானே இழைப்பது என்கிறோம். ‘கோடு இன்னும் இழையவில்லை’ என்றால் ஆணியை நகர்த்த வேண்டும் என்பது தச்சருக்கு உடனே விளங்கும்.

அப்புறம் ஒன்று ஐயா. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் பலகை இடுக்கில் நார் திணித்து அடைக்கும் வேலைக்கு ‘விரிசலடைப்பு’ என்று இருக்கிறது. விரிசல் என்றால் பலகை பிளந்துவிட்டது என்று பொருளாகும். இது இணைப்பின் இடுக்கு, பிளவு அல்ல. இதற்குக் ‘கலப்பற்று’ என்ற சொல் பழைய அகராதிகளிலேயே உண்டு, செய்பவர் கலப்பற்றுக்காரர். ஏரா, அணியம் (முன்பகுதி), அமரம் (பின்பகுதி), சுக்கான் இவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத வேலைக்குத்தான் நாம் சொல் ஆக்க வேண்டும், இருப்பதை மாற்றினால் கையேட்டைப் பட்டறையில் யாரும் திறக்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அமையவில்லை. ஆணிகளுக்கு இடையே வளைத்து வைக்கும் அந்த மெல்லிய மரச்சட்டத்துக்கு ‘இழைகோல்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை. தூத்துக்குடி, கடலூர்ப் பக்கம் தோணித் தச்சர்களோடு பழக்கமுள்ளவர்கள், வளைவு பார்க்க அவர்கள் எதையாவது வளைத்து வைக்கிறார்களா, அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்