மரபணு நகர்வா, மரபணுக் குலுக்கலா?

வணக்கம். ஒரு உயிரினக் கூட்டத்தில் ஒரு மரபணுவின் எந்த வடிவம் பெருகும், எது குறையும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக மாறுவதை ஆங்கிலத்தில் genetic drift என்பார்கள். அதைத் தமிழில் "மரபணு நகர்வு" என்பதற்குப் பதில் "மரபணுக் குலுக்கல்" என்று சொல்லலாம் என்பது என் யோசனை. "நகர்வு" பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பழகியது உண்மைதான். ஆனால் போன மாதம் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வியே "எங்கேயிருந்து எங்கே மாமா நகருது?" என்பதுதான். எதுவும் எங்கேயும் நகரவில்லை! ஒரு கூட்டத்தின் மரபணு இன்னொரு கூட்டத்துக்குப் போவதற்கு மரபணு ஓட்டம் என்று தனிச்சொல் இருக்கிறது, நகர்வு என்றதும் பிள்ளைகள் நேரே அங்கேதான் போய் விழுகிறார்கள்.

நடப்பது என்ன என்று பார்க்க, பீட்டர் புரி 1956-இல் வெளியிட்ட பழ ஈ சோதனை போதும். 107 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண் நிறத்துக்கான மரபணுவில் இரண்டு அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்), எல்லா ஈயிலும் ஒன்றுக்கு ஒன்று, ஆக ஒரு கூட்டத்தின் 32 பிரதிகளில் பாதிக்குப் பாதி. பிறக்கும் ஈக்களில் ஏதோ ஒரு 16-ஐ எடுத்து அடுத்த தலைமுறைக்கு விடுவார், மற்றவை போயிற்று. இப்படியே 19 தலைமுறை போனதும் பார்த்தால் 30 கூட்டங்களில் ஒரு அல்லீல் அடியோடு காணோம், 28-இல் அது மட்டும்தான் மிச்சம். அது உசத்தி என்றால் எல்லாக் கூட்டத்திலும் அதுவே ஜெயித்திருக்க வேண்டுமே. இங்கே நடந்தது வெறும் குலுக்கல்.

அதனால்தான் "மரபணுக் குலுக்கல்" என்கிறேன். இன்னொரு யோசனையான "அலைவு" எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இயற்பியலில் அலைவு என்றால் ஊசல் மாதிரி நடுவுக்குத் திரும்பி வருவது, இங்கே ஓரத்துக்குப் போன அல்லீல் ஒழிந்தால் ஒழிந்ததுதான். "குருட்டாம்போக்கு" என்று ஒருவர் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். நல்ல பேச்சுவழக்கு, ஆனால் இந்தப் பாடத்துக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் பசிபிக் கடலில் இருக்கும் பிங்கெலாப் தீவு. 1775 வாக்கில் அடித்த சூறாவளியில் அங்கே சுமார் 20 பேர்தான் பிழைத்தார்கள், அவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணுக் கோளாறால் இன்று அத்தீவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு நிறமே தெரியாது. அந்தச் சோகப் பத்திக்கு மேலே இப்படிச் சிரிப்பு வரும் தலைப்பை எப்படிப் போடுவது?

குலுக்கல் என்றால் சீட்டுதான் நினைவுக்கு வரும், சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர் மறுபடி வராதே என்று ஒரு ஆட்சேபம் வந்தது. சரியான பிடி. இங்கே எடுத்த சீட்டும் மறுபடி பானைக்குள் போகிறது, அதுமட்டுமல்ல, விழுந்த சீட்டுகளை வைத்துத்தான் அடுத்த பானையே நிரம்புகிறது. சொல் அத்தனையையும் சொல்லாது, விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. சீட்டுக்கட்டைக் கலைப்பதோடு குழம்புமோ என்றால், பெற்றோரின் மரபணுக்கள் அப்படிக் கலந்து புதுச் சேர்க்கையாவதற்கு மறுசேர்க்கை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வினையாகவும் வளைகிறது, பாருங்கள்: "அந்த அல்லீல் குலுக்கலில் விழவில்லை", "கூட்டம் சிறுத்தால் குலுக்கலின் கை ஓங்கும்". நகர்வை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அப்புறம், இதோடு சேர்ந்து வரும் "நிறுவனர் விளைவு" (founder effect, சிலர் மட்டும் பிரிந்துபோய்ப் புதுக் கூட்டம் தொடங்கும்போது அவர்களிடம் இருந்த மரபணுக்களே அதில் நிறைவது) பற்றியும் பேச வேண்டும். நிறுவனர் என்றால் கல்லூரி வாசலில் மாலை போட்ட சிலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. "முதற்குடி விளைவு" எப்படி இருக்கிறது?